மூன்றாவது உரிமையாளர்

நவம்பர் 4

என் பெயர் சகாயமேரி. வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பு பாதிவரை படித்தேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லோரும் என்னை நல்ல பெண் என்கிறார்கள். வாயில் வராததை இதில் எழுதப்போகிறேன். முயல் பிறப்புகளைப் பதிந்த பழைய நோட்டு இது. பின்பாதி காலி.

நான் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், மந்தைக்காட்டில், பெரியப்பா செபாஸ்டின் வீட்டில். அப்பாவை அடக்கம் செய்த ஒரு வாரத்தில் பெரியப்பா வந்தார். "புள்ளைய நான் பாத்துக்கிறேன். நீ திருப்பூர்ல வேலையப் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா "சரி மச்சான்" என்றாள். அம்மாவுக்கு அவரிடம் சொல்லத் தெரிந்தவை அந்த இரண்டு சொற்கள்தான். நான் வந்த அன்று கொட்டகையில் ஏழு முயல்கள் ஈனும் நிலையில் இருந்தன. "ஒரு மாசம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடு" என்றார் பெரியப்பா. அந்த ஒரு மாதம் இரண்டு ஆண்டாக ஓடுகிறது. இப்போது கூண்டுகள் அறுபத்து நான்கு.

ஊரில் யாரைக் கேட்டாலும் தம்பி மகளை வளர்க்கிற மனிதர் என்பார்கள். யார் எதை வளர்க்கிறார்கள் என்பது கொட்டகைக்குள் வந்து பார்த்தால் தெரியும்.

இன்று பெரியப்பா நல்ல முகத்தோடு சொன்னார்: "ஜமீன் சாம்பியன் ஆகட்டும். அன்னைக்கே உன்னை உங்கம்மாகிட்ட பஸ் ஏத்தி விடுறேன். மாதா மேல ஆணை."

ஜமீன் என்பது அவருடைய ஆண் முயல்.

நவம்பர் 6

போட்டிப் படிவங்கள் எழுதினேன். பெரியப்பா எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். அதனால் எல்லாப் படிவமும் என் கைதான்.

விவரம் இதுதான். கோயம்புத்தூரில் முயல் வளர்ப்போர் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் மேல்மலைச் சங்கம் அதன் கிளை. போட்டி நடத்த வேண்டுமானால் முப்பது நாளுக்கு முன்பே அங்கே எழுதி அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கீகாரம் உள்ள போட்டியில் முதலிடம் வந்தால் முயலுக்கு ஒரு சான்று. மூன்று சான்று சேர்ந்தால் சாம்பியன். அப்போது அதன் வலது காதில் கூட்டமைப்பு முத்திரையைப் பச்சை குத்துவார்கள். இடது காது எங்கள் எண்ணுக்கு, வலது காது அவர்களுக்கு.

ஆனால் முதலிடம் மட்டும் போதாது. அந்தப் பிரிவில் குறைந்தது ஐந்து முயல்கள் மேசை ஏற வேண்டும். அவை மூன்று உரிமையாளர்களுடையவையாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத பந்தயத்தில் ஓடி ஜெயித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக அந்த விதி.

மேல்மலையில் சோவியத் சின்சில்லா இனத்தைப் போட்டிக்கு வளர்ப்பவர்கள் இரண்டே பேர். பெரியப்பா ஒருவர், கூக்கால் பக்கம் குழந்தைராஜ் என்பவர் ஒருவர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது?

"நீதான்டி" என்றார் பெரியப்பா. "முப்பத்தெட்டையும் அம்பத்திரண்டையும் உன் பேர்ல போடு. ரெண்டும் தோக்குற உருப்படிதான்."

இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு கூரைக்கு ஓர் உரிமையாளர். ஒரே வீட்டில் நாலு பெயரை எழுதிக்கொண்டு வரக்கூடாது.

"அதனால விலாசத்துல உங்கம்மா வீட்ட எழுது."

எழுதினேன். திருப்பூர், நெசவாளர் காலனி, மூன்றாவது லைன். அந்த வீட்டில் நான் மொத்தம் நான்கு நாள் இருந்திருக்கிறேன். இன்றுமுதல் காகிதத்தில் அங்கேதான் குடியிருக்கிறேன்.

நவம்பர் 10

உறுப்பினர் அட்டை தபாலில் வந்தது. என் பெயர் அச்சில். பார்ப்பதற்குள் பெரியப்பா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 15

கொடைக்கானலில் முதல் போட்டி. பள்ளி மண்டபம் ஒன்றில் நீள மேசை, மேலே கோணிச்சாக்கு விரித்திருந்தது. ஜமீனையும் இன்னொன்றையும் பெரியப்பா துணி போட்ட கூடையில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னுடைய இரண்டும் பஸ் கூரைமேல் வந்தன.

என்னைப் பார்த்ததும் குழந்தைராஜ் உரக்கச் சிரித்தார். சிவந்த கம்பளிக் குல்லா, பெரிய குரல்.

"திருப்பூர்ல இருந்து வந்த உரிமையாளரா? தினம் பஸ் ஏறி வந்து புல்லு போட்டுட்டுப் போறியாம்மா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா பதில் சொன்னார்: "ஏம்ப்பா, தாயில்லாத புள்ள மாதிரி நிக்குது, அதுகிட்ட உன் வீரத்தக் காட்டுற?"

"நான் உன்கிட்டதான் காட்டுறேன், செபாஸ்டின். அது மறைக்குது."

குழந்தைராஜ் சங்கச் செயலாளர் அமலநாதன் சாரிடம் போய் முறையிட்டார். அமலநாதன் சார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதம் இல்லாமல் மழை பெய்தால்கூட நம்பமாட்டார். "பேப்பர்ல திருப்பூர்னு இருக்கு. பேப்பர்ல வேற மாதிரி ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்.

நடுவர் வெளியூர்க்காரர். ஒவ்வொரு முயலாக எடுத்து காது எண் பார்த்தார், பல் பார்த்தார், மல்லாத்தி நகம் பார்த்தார், முதுகில் கை வைத்து அழுத்தினார், ரோமத்தை எதிராக நீவி அது திரும்பிப் படுகிறதா என்று பார்த்தார். பார்த்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முப்பத்தெட்டைத் தூக்கிக் கொண்டு, "தோள் ஒடுக்கம், இடுப்பெலும்பு குத்துது, வளர்த்தவங்களுக்கு அக்கறை இல்ல. யாரோடது இது?" என்றார்.

கை தூக்கினேன்.

மொத்தம் ஆறு முயல்கள். முதலிடத்துக்கு ஆறு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. அதை முயல்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஜமீன் முதல், ஆறு ஆறு முப்பத்தாறு புள்ளி. என் இரண்டும் கடைசி. நான் இல்லாவிட்டால் மேசையில் நாலே முயல், இரண்டே உரிமையாளர், சான்றே கிடையாது. நான் தோற்பதற்காகவே வந்த ஆள் என்றாலும் நான் வராமல் அவர் ஜெயிக்க முடியாது.

நவம்பர் 16

முதல் சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. என்னை ஆணி பிடிக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 23

ஞாயிற்றுக்கிழமை. அம்மா போன் செய்யும் நாள். போன் பெரியப்பாவுடையது, அதனால் எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்துத்தான் பேச வேண்டும். பெரியம்மா ஞானசௌந்தரி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். பூண்டு உரிக்கக் காது தேவையில்லை.

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"ஒடம்புக்கு?"

"ம்."

பெரியம்மா குறுக்கே, "நல்லாத்தான் இருக்கா. எங்க வீட்டுச் சோறு ஒட்டியிருக்கு" என்றாள். அம்மா "சரிக்கா" என்றாள்.

டிசம்பர் 7

இரண்டாவது போட்டி. பக்கத்து ஊர்க் கோவில் திடலில், பந்தல் போட்டு, மேளம் வைத்து. ஜமீன் மறுபடியும் முதலிடம். பெரியப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார். குழந்தைராஜ் மட்டும் கை தட்டினார். தட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

தட்டி முடித்துவிட்டு அமலநாதன் சாரிடம் கேட்டார்: "அங்கீகாரக் கடிதம் எங்க சார், வாசிச்சுக் காட்டுங்க."

கடிதம் இல்லை. சார் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார், ஆனால் இருபத்தாறு நாளுக்கு முன்னால்தான். முப்பது நாள் வேண்டும். தபாலிலேயே முப்பது ஆண்டு வேலை பார்த்தவர், தபாலில் பிந்தியிருக்கிறார்.

"அப்ப இன்னைக்கு நடந்தது?" என்றார் பெரியப்பா.

"வேடிக்கை" என்றார் குழந்தைராஜ். "ஊர் வேடிக்கை. மேளத்துக்காரங்க நல்லா வாசிச்சாங்க."

டிசம்பர் 8

ஜனவரிக்கு ஒரு போட்டி கூடுதலாக வேண்டும். அதாவது எனக்கு இன்னும் ஒரு மாதம். பெரியப்பா யாரையும் அடிக்கிற மனிதர் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், அவ்வளவுதான். சிதறிய சோற்றை நான் கூட்டினேன். பெரியம்மா சொன்னாள், "உன் ராசிடி. உங்கப்பன முழுங்கின ராசி."

பதில் இருக்கிறது. இங்கேகூட எழுத மாட்டேன்.

டிசம்பர் 19

கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் போகட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக் கேட்டேன்.

"பதினோரு பொட்டை ஈனப் போகுது. நீ போயிட்டா பெட்டி யார் வைப்பா, உங்கம்மாவா?"

பெட்டி என்பது ஈனும் பெட்டி. தேதிக்கு மூன்று நாள் முன்பே கூண்டுக்குள் வைக்க வேண்டும். தாய் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கி உள்ளே மெத்தை போடும். வைக்கப் பிந்தினால் கம்பிமேல் ஈன்று, குட்டிகள் குளிரில் விறைத்துப் போகும். எந்தக் கூண்டுக்கு எந்தத் தேதி என்பது என் தலைக்குள்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

டிசம்பர் 25

பதினான்கு குட்டிகள். பூசைக்கு அவர்கள் போனார்கள்.

டிசம்பர் 28

அங்கீகாரம் பெற்ற போட்டி. இந்த முறை பெரியப்பாவே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். ஜமீன் முதலிடம். இரண்டாவது சான்று.

ஆனால் ஒன்று நடந்தது. என் ஐம்பத்திரண்டு மூன்றாவது வந்தது. பெரியப்பாவின் இன்னொரு முயலுக்கு முன்னால். வேறு நடுவர், மெலிந்த பெண். ஐம்பத்திரண்டின் முதுகில் கை வைத்துவிட்டு, "இவனைத் தேத்தியிருக்காங்க. யாரு?" என்றார்.

கை தூக்கினேன். "பேசு பாப்பா, என்ன போட்ட?" என்றார். முள்முருங்கை இலையும், ஊறவைத்த கொள்ளும், தினமும் ஈரக்கையால் நீவுவதும் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்கும் புரிந்திருக்காது.



டிசம்பர் 29

"அம்பத்திரண்டுக்கு இனிமே கொள்ளு கிடையாது. தோக்கச் சொன்னா தோக்கணும். அடுத்த போட்டியில அது ஜமீன முந்திச்சுன்னா?"

குறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜனவரி 5

பெரியப்பா ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். என் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கும் படிவம். ஓர் ஆண்டுக்கு, மூன்று ஆண்டுக்கு என்று இரண்டு கட்டம். மூன்று ஆண்டில் அவரே டிக் போட்டிருந்தார்.

எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை. "ஜமீன் சாம்பியன் ஆனா என்னை அனுப்புறேன்னீங்க."

"ஆமா."

"அப்ப இது?"

பெரியப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ கேட்டுவிட்டது போல. "ஜமீன் ஒருத்தன்தான் முயலா? அடுத்தது பொட்டைப் பிரிவு. அதுக்கப்புறம் ஜமீன் குட்டிங்க. வருசக் கேடயம் இருக்கு. எல்லாத்துக்கும் மூணு உரிமையாளர் வேணும்ல? அங்க போயி என்ன பண்ணப் போற, பனியனுக்கு நூலு வெட்டப் போறியா?"

பெரியம்மா அடுப்படியில் இருந்து, "இங்க என்ன கொறை அவளுக்கு?" என்றாள்.

"சரி பெரியப்பா" என்றேன். அம்மாவின் குரல் என் வாயில் இருந்து வந்தது. எனக்கே கேட்டது.

ஜனவரி 7

விதிப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். நாற்பத்து இரண்டு பக்கம். குட்டிகளுக்குக் கண் திறக்கும் வாரம், கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், படிக்க வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

மறுபடியும் படித்தேன்.

ஜனவரி 12

ஜனவரி 31 போட்டிக்கான படிவங்கள். ஐந்து தாள். பெரியப்பா கையெழுத்து மட்டும் போட்டார். என்னுடையதில் நான் போட்டேன். விலாசம் எழுதும் இடத்தில் பெரியம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், மூன்று கூண்டில் தண்ணீர் கவிழ்ந்திருந்தது, அவசரத்தில் என்ன எழுதினேன் என்று சரியாகப் பார்க்கவில்லை. பெரியப்பாவும் பார்க்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி, ஒன்பதே கால் பஸ்ஸில் கொடுத்தனுப்பியாயிற்று.

ஜனவரி 20

குளிர். புல்லில் வெள்ளையாக உறைபனி. ஈரப் புல் போட்டால் முயலுக்கு வயிறு ஊதும். துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். விரல் வெடித்திருக்கிறது.

ஐம்பத்திரண்டின் எடை நூற்றைம்பது கிராம் கூடியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 31

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானல் மண்டபம். பெரியப்பா வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பெரியம்மாவும் வந்தாள், பட்டுச் சேலையில். உள்ளே நுழையும் இடத்தில் எல்லாப் போட்டிகளிலும் போல உரிமையாளர் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெயர், விலாசம், முயல் எண். பெரியப்பா அதைத் தாண்டிப் போனார். அவர் என்றைக்கும் பட்டியல் பார்த்தது இல்லை, பரிசு மேசையைத்தான் பார்ப்பார்.

குழந்தைராஜ் பார்த்தார். விரல் வைத்து வாசித்தார். குல்லாவைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு என்னைத் தேடினார். நான் ஐம்பத்திரண்டை நீவிக்கொண்டிருந்தேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய குணத்துக்கே ஒவ்வாதது. காத்திருந்தார்.

ஜமீன் முதலிடம். ஐம்பத்திரண்டு இரண்டாமிடம். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் மூன்றாவது சான்று அவர் கையில் இருந்தது, அதனால் மன்னித்துவிட்டார். அமலநாதன் சார் பச்சை குத்தும் இடுக்கியைக் கொண்டுவந்தார். கூட்டமைப்பு முத்திரை, சிறு சிறு ஊசிகளால் ஆனது. ஜமீனைத் துண்டில் சுற்றி, வலது காதை ஸ்பிரிட்டால் துடைத்து, இடுக்கியை வைக்கப் போனார்.

"சார், ஒரு நிமிசம்" என்றார் குழந்தைராஜ். "பேப்பர் கேட்டீங்கள்ல? செவுத்துல இருக்கு."

எல்லோரும் சுவருக்குப் போனார்கள். நான் போகவில்லை.

அமலநாதன் சார்தான் சத்தமாக வாசித்தார். "செபாஸ்டின், கதவு எண் இரண்டு கீழ் நாற்பத்தேழு, மந்தைக்காடு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சகாயமேரி, கதவு எண் இரண்டு கீழ் நாற்பத்தேழு, மந்தைக்காடு."

பெரியப்பா பட்டியலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஒரு கூரைக்கு ஒருத்தர்" என்றார் குழந்தைராஜ். "அப்ப மேசையில ரெண்டே உரிமையாளர். உன் முயலு என் முயல மட்டும் ஜெயிச்சிருக்கு, செபாஸ்டின். அதுக்கு நீ என் வீட்டுக்கே வந்திருக்கலாம், காப்பி குடுத்திருப்பேன்."

இடுக்கியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 1

"கை தவறிடுச்சு பெரியப்பா" என்றேன். பத்து முறை சொல்லியிருப்பேன்.

பெரியம்மா: "கதவு நம்பரோடயா தவறும்?"

கன்னத்தில் ஓர் அறை. பெரியம்மாதான். பெரியப்பா யாரையும் அடிக்கிறவர் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். அவர் ஐம்பத்திரண்டைக் கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கறியாக இருந்தது. என்னையே குழம்பு வைக்கச் சொன்னார்கள்.

வைத்தேன்.

பிப்ரவரி 3

இன்று எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14

சங்க விசாரணை. அமலநாதன் சார் வீட்டு மாடி அறை. சார், கூட்டமைப்பில் இருந்து வந்த ஒருவர், குழந்தைராஜ், பெரியப்பா, நான். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடலை மிட்டாய்.

பெரியப்பா நன்றாகத்தான் பேசினார். "படிவத்த எழுதினது அவ. கையெழுத்துப் போட்டது அவ. திருப்பூர்னு எழுதினதும் அவதான், இப்ப மாத்தி எழுதினதும் அவதான். படிக்காத புள்ள, அதுக்கு என்ன தெரியும்? என் மேல என்ன தப்பு?"

கோயம்புத்தூர்க்காரர் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீதான் எழுதினியாம்மா?"

தலையாட்டினேன்.

"யாராவது சொல்லி எழுதினியா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். நான் கடலை மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்ல" என்றேன்.

பெரியப்பா மூச்சு விட்டது கேட்டது.

தீர்ப்பு எழுதினார்கள். ஜமீனின் சான்றுகள் மூன்றும் செல்லாது, புள்ளிகளும் செல்லாது. பொய் விலாசத்தில் கையெழுத்திட்ட உரிமையாளர் சகாயமேரிக்கு மூன்று ஆண்டு தடை. பெரியப்பாவுக்கு எச்சரிக்கை மட்டும்.

"இவ்வளவுதானா?" என்று குதித்தார் குழந்தைராஜ். "கொட்டகைக்காரன் நாளைக்கே வேற ஆளப் புடிச்சு மேசை ஏறுவான். சின்னப் புள்ளைக்குத் தடையா? வெக்கமா இல்ல?"

"தடை பெற்றவர் சம்பந்தமா இன்னொரு விதி இருக்கணுமே" என்று அமலநாதன் சார் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கோயம்புத்தூர்க்காரரும் தேடினார்.

"முப்பத்தாறாம் பக்கம்" என்றேன். "மேல இருந்து ரெண்டாவது."

 குழந்தைராஜ் வாயில் இருந்த மிட்டாயைக் கடிக்காமல் வைத்திருந்தார்.

சார் முப்பத்தாறாம் பக்கத்தை எடுத்து வாசித்தார். "தடை பெற்றவர் வசிக்கும் கூரையின்கீழ் வளரும் முயல் எதுவும், தடைக்காலம் முடியும்வரை, அங்கீகாரம் பெற்ற மேசை எதிலும் ஏற்றப்படாது."

பெரியப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு ஆண்டில் முதல்முறையாக அவர் என்னைப் பார்த்தது போல இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கூச்சம் அதிகம்.

பிப்ரவரி 16

வீட்டில் வாக்குவாதம், என்னைப் பற்றி, நான் இருக்கும்போதே.

"மூணு வருசம் முயல வீட்டுக்குள்ளயே வச்சு அழகு பாக்கவா?" என்றார் பெரியப்பா. "ஜமீனுக்கு வயசாயிரும்."

"அப்ப யாரு புல்லு போடுவா? யாரு புழுக்கை அள்ளுவா?"

"நீ அள்ளு."

"என்னது?"

பெரியம்மா அழுதாள். அவளுக்காக எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

பிப்ரவரி 18

தடை பெற்றவர் தன் வீட்டில் இல்லை என்று பெரியப்பா சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இனி வரவும் மாட்டார் என்று உறுதியும் வேண்டுமாம். அவர் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். நோட்டையும் பேனாவையும் என் முன்னால் போட்டார்.

எழுதினேன். "என் தம்பி மகள் சகாயமேரி இன்றுமுதல் என் வீட்டில் வசிக்கவில்லை. தடைக்காலம் முடியும்வரை என் வீட்டிலோ கொட்டகையிலோ ஒரு நாளும் தங்கமாட்டாள் என உறுதி கூறுகிறேன்." ஒரு நாளும் என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அமலநாதன் சார் முத்திரை வைத்து இரண்டு நகல் எடுத்தார். ஒன்று எனக்கு.

பிப்ரவரி 19

பஸ்ஸில் ஏற்றிவிட்டார். என் துணி ஒரு மஞ்சள் பையில். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "கெட்டிக்காரின்னு நெனப்பா?" என்றார். "சோறு போட்ட கைய நல்லா கடிச்ச. முயலுகூட அப்படிக் கடிக்காது."

கடிக்கும். ஐம்பத்திரண்டு கடிக்கும். சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திருப்பூர்

லைன் வீடு. ஒரு அறை, ஒரு ஜன்னல், பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரச் சத்தம் சுவர் வழியாக. அம்மா என்னைக் கண்டு சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். பயந்தாள்.

"என்னடி பண்ணித் தொலச்ச? மச்சான் என்ன சொன்னாரு? கால்ல விழுந்திருக்கலாம்ல?"

கடிதத்தைக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டி "தடை" வரை வந்து நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் வைத்தாள்.

பிப்ரவரி 27

பகலெல்லாம் வெறும் கை. நூல் பிசிறு வெட்டும் வேலை வீட்டுக்கே கொண்டுவரலாம் என்கிறாள் அம்மா. இங்கே வெயில். புல் வாசம் எங்கேயும் இல்லை. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, போட வேண்டிய கூண்டு இல்லை.

மார்ச் 8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா போன் செய்தார். இப்போது போன் அம்மாவுடையது. சத்தமாக வைக்கச் சொன்னேன்.

"ஒம்பது பொட்டை ஈனிருச்சு. இவ பெட்டி வைக்கல. எல்லாம் கம்பிமேல. குட்டிங்கள்லாம்..." அவர் குரலில் அழுகை மாதிரி ஏதோ இருந்தது. "இன்னும் ஆறு ஈனப்போகுது. எந்தக் கூண்டு, என்ன தேதின்னு ஒரு எழவும் தெரியல. புள்ளைய ஒரு பத்து நாள் அனுப்பு. யாருக்கும் தெரியாது. பஸ்ல ஏத்தி விடு."

எத்தனை குட்டி என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பெட்டைகள். எனக்கே கணக்குத் தெரியும்.

அம்மாவின் வாய் "சரி" என்று சொல்லக் குவிந்தது. நான் பார்த்தேன். இரண்டு ஆண்டு அந்தச் சொல்லைத்தான் இந்தப் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறாள். பிறகு எழுந்து போய் டப்பாவைத் திறந்து, கடிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

"ஒரு நிமிசம் மச்சான்" என்றாள் போனில். "உங்க பேப்பர்ல என்னமோ எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியல. புள்ள வாசிப்பா, கேளுங்க."

வாசித்தேன். நாக்கு ஒட்டவில்லை என்று எழுத ஆசைதான். முதல் வரியில் இரண்டு முறை ஒட்டியது. இன்றுமுதல் வசிக்கவில்லை என்பதை வாசித்தேன். ஒரு நாளும் தங்கமாட்டாள் என்பதை வாசித்தேன். தேதி, முத்திரை எண், செயலாளர் அமலநாதன், கையொப்பம் செபாஸ்டின் என்பதுவரை வாசித்தேன். ஆறு கூண்டுகளின் எண்ணும் தேதியும் நாக்கு நுனியில் இருந்தன. அவை கடிதத்தில் இல்லை. வாசிக்கவில்லை.

முடித்தபோது போனில் ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

அம்மா போனை என் வாய்க்கு இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள்.